பின்கட்டுக்கு ஒரு பாயிண்ட்

மூன்று குழாய்த் துண்டுகளைச் சாப்பாட்டு மேஜையின் மேல் வரிசையாக வைத்தான் பிளம்பர் சக்திவேல். ஒன்று இரும்பு, ஒன்று செம்பு, ஒன்று தயிர் நிறத்தில் பிளாஸ்டிக். அப்புறம் தோள்பையிலிருந்து, செய்தித்தாளில் சுற்றிய நான்காவது துண்டை எடுத்துப் பிரித்தான். அன்று காலை மொட்டை மாடியில் அவன் அறுத்தெடுத்த பழைய குழாய் அது. அதன் வாய்க்குள் சுண்டுவிரலை நுழைத்துக் காட்டினான். நகம் வரைதான் போயிற்று.

“பாருங்க சார். துரு மேல துரு ஏறி அடைச்சிக்கினு கீது. உங்க ஊட்டுக்குத் தண்ணி வர்றதே கபாலி புண்ணியம்.”

“எங்காத்துல கேசவப் பெருமாள்,” என்றாள் சந்திரிகா, சமையலறையிலிருந்து.

“ரெண்டு பேரும் ஒரே ஏரியாதானே மாமி. அட்ஜஸ் பண்ணிக்குவாங்க.”

அவள் கணவர் சுந்தரராமன் சிரிக்கவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முப்பத்தாறு வருடம் பிறருடைய விபத்துகளைப் படித்து, எந்த வரியைக் காட்டி ‘இல்லை’ என்று சொல்லலாம் எனத் தேடித் தேடியே ஓய்வு பெற்றவர் அவர். துருப்பிடித்த துண்டைத் தொடாமல் குனிந்து பார்த்தார். பிறகு பின்கட்டுப் பக்கம் திரும்பி, “வேம்பு!” என்று கூப்பிட்டார்.

வேம்பு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவருடைய தங்கை. ஐம்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. முன்கட்டிலிருந்து அவள் பெயர் ஒலித்தால் கேஸ் சிலிண்டர் வந்திருக்கும், அல்லது கறிவேப்பிலை பறிக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு அண்ணா ஒரு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

“உக்காரு. இந்த மூணுல எதைப் போட்டா நல்லதுன்னு நீயே பாத்து முடிவு பண்ணு. கெமிஸ்ட்ரி உன் டிபார்ட்மென்ட்.”

வேம்பு உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு பெண்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தவள். குடுவை கழுவுவது, அமிலம் அளந்து வைப்பது, பெண்கள் உடைத்ததைப் பெருக்குவது. அங்கேகூட யாரும் அவளிடம் டிபார்ட்மென்ட் என்ற சொல்லைச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு ஜூன் மாதமும், புதிதாக வரும் பெண்களுக்காக முதல் சோதனையைத் தயார் செய்வது அவள்தான். இரும்பு ஆணியில் செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றி, உப்புக் கரைசலில் போட்டு, இரண்டு சொட்டு மருந்து விட்டு வைப்பாள். மறுநாள் காலையில் ஆணியைச் சுற்றி நீலம் படர்ந்திருக்கும். “செம்புக்கு ஒண்ணும் ஆகாதுடி. இரும்புதான் கரையும்,” என்பாள் பெண்களிடம். பேராசிரியை வருவதற்கு முன் அந்த ஐந்து நிமிடம் அவளுடையது.

“ஒரு வாரம் டைம் குடு அண்ணா,” என்றாள்.

“எடுத்துக்கோயேன்.”

அந்த வீட்டின் பின்கட்டில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை, ஒரு துவைக்கும் கல். அம்மா படுக்கையில் விழுந்து பதினோரு வருடம் கிடந்தது அந்த அறையில்தான்; பார்த்துக்கொண்டவள் வேம்பு. அப்பா தன் உயிலில், ‘பின்கட்டில் என் குமாரத்தி வேம்பு ஆயுள் பரியந்தம் வசித்துக்கொள்ள வேண்டியது’ என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடுவில் ஒரு கதவு. சாப்பாடு முடிந்ததும் சந்திரிகா அதை அந்தப் பக்கமிருந்து தாழ் போட்டுவிடுவாள். பின்கட்டுக் குழாயில் காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை நூல் மாதிரி தண்ணீர் வரும். வாளி நிரம்புவதற்குள் வேம்பு விஷ்ணு சகஸ்ரநாமத்தை ஒருமுறை முடித்துவிடுவாள்.

அன்று மாலையே ஒரு நீள நோட்டு வாங்கினாள். முதல் பக்கத்தில், குழாய் வகைகளைப் பற்றி எழுதுவதற்கு முன்னால், பென்சிலால் எழுதியது இது: ‘பின்கட்டு: குளியலறை 1, மேடை 1, கல் 1. குளியலறைக் குழாய் இடுப்பு உயரத்தில் (முழங்கால் வலி).’

அந்த வாரம் வேம்பு வேறொருத்தியாக இருந்தாள். போர்வெல் தண்ணீர், குடிநீர் வாரியத் தண்ணீர், லாரித் தண்ணீர் மூன்றையும் தனித்தனி பாட்டில்களில் பிடித்து லேபிள் ஒட்டினாள். சோப்புக் கரைசல் விட்டுக் குலுக்கினாள். போர் தண்ணீரில் நுரையே எழவில்லை. “வெறும் உப்பு. இந்தத் தண்ணிக்கு எதுவுமே தாங்கறது கஷ்டம்,” என்று தெருமுனை இஸ்திரிக்காரரிடம்கூடச் சொன்னாள். மாம்பலத்து அத்தை பெண்ணுக்கு ஃபோன் செய்து, குசலம் விசாரிக்கும் முன்பே, “எங்காத்துல குழாய் எல்லாம் மாத்தறோம். அண்ணா எங்கிட்டயே விட்டுட்டார்,” என்றாள். சக்திவேலைப் படுத்தினாள். மாடிக்கும் கீழுக்கும் அவனை மூன்று தடவை ஏற்றி இறக்கி அளவெடுக்க வைத்தாள்.

“இன்னா மாமி, பேங்க் பரீச்ச மாரி கேக்கறீங்கோ. நான் எட்டாவதோட நின்னவன்.”

“எட்டாவது படிச்சவனுக்கு சுடுதண்ணில பிளாஸ்டிக் இளகும்னு தெரியாதா?”

“அது சாதா பிளாஸ்டிக்கு. இது வேற. இது சுடுதண்ணிக்குன்னே வந்தது.”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்,” என்று எழுதிக்கொண்டாள்.

கச்சேரி ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு வெயிலில் நடந்து போனாள். கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். நோட்டும் பேனாவுமாக ஒரு மாமி நிற்பதைப் பார்த்து மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டார்.

“வாங்கம்மா. குடியிருக்கதுக்கா, வாடகைக்கு விடுறதுக்கா?”

“ஏன், அதுக்கும் குழாய்க்கும் என்ன?”

“இருக்குல்லா? வாடகைக்காரன்னா ஏதோ ஒண்ணைத் தந்து அனுப்பிருவேன். நீங்களே இருக்கப் போறீயன்னா யோசிச்சில்லா தரணும்.”

“எங்காத்துக்கு. நாங்களே இருக்கறதுக்கு,” என்றாள் வேம்பு. சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் ஆணி வாங்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை, டிபனுக்குப் பிறகு மேஜையைத் துடைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள். சக்திவேலையும் வரச் சொல்லியிருந்தாள். பதினான்கு பக்கம். இரும்பு, திரும்பவும் துருப்பிடிக்கும். செம்பு உசத்திதான், ஆனால் இந்த உப்புத் தண்ணீருக்குப் பச்சை பூக்கும். சுடுதண்ணீர் தாங்கும் அந்தப் பிளாஸ்டிக்தான் இந்த வீட்டுக்குச் சரி.

“அம்பது வருஷம் தாங்கும் அண்ணா,” என்று முடித்தாள்.

“அம்பது வருஷம் யாருக்கு வேணுமாம்?” என்று சந்திரிகா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். “அதெல்லாம் சரி வேம்பு, பிளாஸ்டிக்ல வர தீர்த்தத்தைப் பிடிச்சு பெருமாளுக்கு எப்படித் திருமஞ்சனம் பண்றது? செம்புதான் சாஸ்திரம்.”

“மன்னி, மாடியில தண்ணி நிக்கறதே பிளாஸ்டிக் டேங்க்லதானே.”

சக்திவேல் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டான். சந்திரிகா அவனையும் பார்த்தாள், அவளையும் பார்த்தாள்.

“அது மாடி. ஆத்துக்குள்ள வரப்படாது.”

“செம்பே போட்டுடு,” என்றார் சுந்தரராமன் சக்திவேலிடம். நோட்டின் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

“போட்டுடலாம் சார். ஏசிக்கு செம்பு லைன் இழுத்திருக்கேன், தண்ணிக்கு இதான் மொத தபா. ஆனா ஒண்ணு. டேங்க்லேர்ந்து வர்ற மெயின் பைப்பு சாமி ரூம் செவுத்துக்குள்ளதான் எறங்குது. செவுத்த உடைக்கணும்.”

“பெருமாள் உள்ளுச் சுவர்ல உளி படப்படாது,” என்றாள் சந்திரிகா. “நான் கல்யாணமாகி இந்த ஆத்துக்கு வந்த நாள்லேர்ந்து எனக்குத் தெரியும், அந்தச் சுவர்ல ஒரு ஆணி அடிச்சதில்லை.”

சக்திவேல் தலையைச் சொறிந்தான். “அப்ப அந்தத் துண்டு மட்டும் பழைய இரும்பாவே இருக்கட்டும். தடி பைப்பு, ரொம்ப அடைக்கல. மேல செம்பு, நடுல அது, கீழ மறுபடி செம்பு. கவ்வ வெச்சு முறுக்கிடறேன்.”

“அப்படியே பண்ணு.”

வேம்பு வாயைத் திறந்தாள். அதற்குள் அண்ணா பேப்பரைப் பிரித்துவிட்டார், மன்னி எழுந்து போய்விட்டாள். சரி, பேசினால் எடுபடாது, எழுதிக் காட்டினால் அண்ணா படிப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அவர் எழுத்தை மதிக்கிறவர். அன்று மாலை பின்கட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, பதினைந்தாவது பக்கத்தில் எழுதினாள். ‘செம்பும் இரும்பும் நேராகச் சேரக் கூடாது. இந்த உப்புத் தண்ணீரில் சுவருக்குள் இருக்கும் இரும்பு இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். வெளியே தெரியாது. சுவர்தான் முதலில் ஈரமாகும். வழி: சுவரை உடைக்க வேண்டாம், பழைய குழாயை அப்படியே விட்டுவிட்டு, மூலையோரமாக வெளியில் புது லைன்.’ கீழே ஒரு படமும் வரைந்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள்.

பிளாஸ்டிக் போனதில் அவளுக்கு வருத்தம்தான். ஆனால் செம்போ பிளாஸ்டிக்கோ, இடுப்பு உயரத்தில் ஒரு குழாய் வரப் போகிறது. அது போதும்.

மறுநாள் காலை பக்கத்தைக் கிழித்து மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போனபோது, சக்திவேல் சுவரெல்லாம் நீலச் சாக்பீஸால் கோடு போட்டு முடித்திருந்தான். குழாய் போகும் பாதை. எங்கெல்லாம் திருகுக் குழாய் வருமோ அங்கெல்லாம் ஒரு பெருக்கல் குறி. வேம்புக்கு அதைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. பெருமாள் உள்ளிலிருந்து கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சமையலறையில் இரண்டு குறி. மாடிப்படி அடியில் ஒன்று. அண்ணாவின் குளியலறையில் நான்கு. கோடு நடுக் கதவைத் தாண்டிப் பின்கட்டுக்குள் நுழைந்தது. அவளும் நுழைந்தாள்.

கோடு அவளுடைய குளியலறைச் சுவரில் ஓடியது. குறி இல்லை. சமையல் மேடைக்குப் பின்னால் ஓடியது. குறி இல்லை. அவள் ஜன்னலுக்கு அடியில் புகுந்து, துவைக்கும் கல்லைத் தாண்டி, மூடிக் கிடந்த கிணற்றைச் சுற்றி, பின் சந்துக் கதவில் போய் நின்றது. அங்கே ஒரு குறி.

சக்திவேல் அங்கே குந்தியிருந்தான்.

“இது என்னப்பா?”

“காரு அலம்ப மாமி. பூட்டு டேப்பு. சந்துல போறவன் எவனாவது திறந்து உட்டுட்டா?”

“எனக்கு எங்கே மார்க் பண்ணியிருக்கே?”

அவன் சாக்பீஸை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

“உங்களாண்ட சொல்லலியா மாமி? சாரு பின்னால பாயிண்டே வேணாம்ட்டாரு. இருக்கிற பைப்ப கட் பண்ணி எண்டு கேப்பு போட்டு மூடச் சொன்னாரு.”

“எப்போ சொன்னார்?”

“மொத நாளே. உங்கள கூப்புடறதுக்கு முன்னாலயே.”

வேம்பு துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். சக்திவேலுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தான்.

“இந்த லைனுக்கு மட்டும் நீங்க சொன்ன பிளாஸ்டிக்குதான் மாமி. வெளில கெடக்குதே, செம்பு போட்டா எவனாச்சும் அறுத்துக்கினு பூடுவான்.”

சுந்தரராமன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வேம்பு அவர் எதிரில் போய் நின்றாள்.

“அண்ணா, பின்கட்டுக்கு பாயிண்ட் இல்லையாமே.”

“ஆமா.”

“நான் இருக்கேனே.”

“இரு. யாரு வேண்டாம்னா?”

“ஜலம் இல்லாம எப்படி இருக்கறது? அப்பா உயில்ல எழுதியிருக்காரே அண்ணா.”

சுந்தரராமன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குரல் உயரவில்லை. முப்பத்தாறு வருடத்தில் அது ஒரு தடவைகூட உயர்ந்ததில்லை.

“வசித்துக்கொள்ள வேண்டியதுன்னு எழுதியிருக்கார். வசிச்சுக்கோ. குழாயைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்லை. ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டேன்.”

சந்திரிகா உள்ளேயிருந்து ஒரு வழவழப்பான தாளை எடுத்துக்கொண்டு வந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம், மலை அடிவாரம், புல்தரை, அதில் சிரித்துக்கொண்டு நிற்கும் நரைத்த தலைகள்.

“எங்க பிள்ளையாண்டான் பரத்வாஜ் தை மாசம் அமெரிக்காவை விட்டு ஒரேயடியா வந்துடறான். ரெண்டு கார் நிக்கணுமேன்னு பாக்கறோம். நீயே பாரு வேம்பு, இங்கே எவ்வளவு நன்னா இருக்கு. நித்தியம் பஜனை. ரூமுக்கு ரூம் வெந்நீர் குழாயாம். நீ குழாய் குழாய்னு இவ்வளவு அலையறியேன்னுதான் எனக்கு இந்த இடமே ஞாபகம் வந்தது.”

வேம்பு தாளை வாங்கவில்லை.

“அப்போ எதுக்கு அண்ணா என்னைப் பாக்கச் சொன்னே?”

சுந்தரராமனுக்கு நிஜமாகவே ஆச்சரியம். வேலைக்காரி சம்பளத்தோடு நன்றியும் கேட்டதுபோல அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“உனக்கும் பொழுது போகணுமோல்லியோ? ஒரு வாரமா எவ்வளவு சந்தோஷமா இருந்தே! சந்திரிகா தினம் சொல்லிச் சிரிப்பா.”

மடித்த தாள் வேம்பின் உள்ளங்கையில் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது. அதைக் கொடுக்கவுமில்லை, கிழிக்கவுமில்லை. ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

முதலில் மூடியது அவள் குழாயைத்தான். சக்திவேல் பத்து நிமிடத்தில் அறுத்து, இரும்புத் தொப்பி ஒன்றை முறுக்கிவிட்டான். அடுத்த நாள் காலை நடுக் கதவு திறந்ததும் வேம்பு வாளியோடு சமையலறைப் படியில் நின்றாள். உள்ளே சந்திரிகா குளித்து, மடிப் புடவையோடு அடுப்பு மூட்டியிருந்தாள்.

“நில்லு நில்லு. குளிச்சாச்சா?”

“இல்லை மன்னி. குளிக்கத்தான் ஜலம் பிடிக்க வந்தேன்.”

“குளிக்காம தளிகை உள்ளுக்கு எப்படி வருவே? நீயும் இந்த ஆத்துப் பொண்ணுதானே, நான் சொல்லித் தரணுமா?”

“அண்ணா பாத்ரூம்ல பிடிச்சுக்கறேன்.”

“அவர் உள்ள போயாச்சு. வர ஒரு மணி நேரம் ஆகும்.” சந்திரிகா குரலில் கோபமே இல்லை. ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே பேசினாள். “அங்கேயெல்லாம் இந்த அவஸ்தை இல்லை பாரு. ஃபோன் நம்பர் அந்தத் தாள்லயே போட்டிருக்கு.”

வாளியைப் பார்த்தது சக்திவேல்தான். மாடிக்கு ஏறி, தொட்டியிலிருந்து முகந்து, அடைப்பெடுத்த கையாலேயே இரண்டு வாளி சுமந்து கொண்டுவந்து பின்கட்டில் வைத்தான். “வேலை முடியற வரைக்கும் நான் கொண்டாறேன் மாமி. அப்பால இன்னா பண்ணுவீங்கோ?” அடுத்த நாளும் கொண்டுவந்தான், அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் கையில் வாளியின் கம்பி வெட்டிக் கன்றிப் போயிருந்தது. வேம்பு அதற்குத் தேங்காய் எண்ணெய் கொடுத்தாள்.

நான்காம் நாள் பதினொரு மணிக்குப் பெருமாள் உள்ளில் எல்லோரும் கூடினார்கள். சுவரின் மேலே வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரும்பில் செம்பைக் கவ்வ வைத்தாகிவிட்டது. இனி கீழ் முனை. அதை முறுக்கிவிட்டால் வீடு முழுக்கத் தண்ணீர். புதுச் செம்புக் குழாய் கல்யாணச் சீர்ப் பாத்திரம்போல மின்னியது. சக்திவேல் இரும்பின் மரையில் சணல் நூலைச் சுற்றி, சிவப்புப் பசையைத் தடவினான். செம்பைக் கையில் எடுத்தவன் நிறுத்தினான்.

“சார், ஒரு டவுட்டு. எங்க பழைய மேஸ்திரி ஒரு தபா சொல்லிக்கீறாரு. செம்பும் இரும்பும் சேராது, ஒண்ண ஒண்ணு தின்னும்னு. நெசமா பொய்யா தெரியல. மேல போட்டதையும் வேணா இப்பவே எடுத்துடலாம். அப்பால செவுரு ஊறிச்சின்னா எம்பேர்தான் நாறும்.”

சுந்தரராமன் புருவத்தைச் சுருக்கினார். கதவோரம் நின்றிருந்த தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

“எங்கிட்ட ஏன் கேக்கறே? கெமிஸ்ட்ரி அவ டிபார்ட்மென்ட்.”

மூன்று பேரும் வேம்பைப் பார்த்தார்கள். சக்திவேல் அவள் முகத்தையே பார்த்தான், பரீட்சை முடிவு கேட்கிறவன்போல. செம்பைப் பிடித்திருந்த கையில் அந்தக் கன்றிப் போன கோடு தெரிந்தது. இரண்டு மழைக்காலம் கழித்து இந்தச் சுவர் நனையும்போது அவர்கள் கூப்பிட்டுத் திட்டப் போவது இவனைத்தான். இந்தத் தெருவில் இனி இவனுக்கு வேலை இருக்காது. அது அவளுக்குத் தெரிந்தது. பின்கட்டுக்குக் குழாய் இல்லை என்று முதல் நாளே தெரிந்தும் தன்னை மூன்று தடவை மாடி ஏற்றி இறக்க விட்டவன் இவன் என்பதும் நினைவுக்கு வந்தது. அவள் அவனை ஏற்றி இறக்கினாளா, அவன் அவளையா?

பெருமாள் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சந்திரிகா பொறுமையில்லாமல் வளையலைத் தள்ளிக்கொண்டாள்.

“சொல்லேன் வேம்பு. நாழியாறது.”

“ஒண்ணும் ஆகாது,” என்றாள் வேம்பு.

“நல்லாத் தெரியுமா மாமி?”

“முப்பத்தொரு வருஷம் பண்ணியிருக்கேன். செம்புக்கு ஒண்ணும் ஆகாது.”

“அப்பாடா,” என்று சக்திவேல் சிரித்தான். செம்பை மரையில் பொருத்தி, பெரிய ஸ்பானரைக் கவ்வ வைத்து, காலை ஊன்றி முறுக்கினான். ஒருமுறை, இருமுறை, மூன்றாவது முறை குழாய் கிறீச்சிட்டது. எழுந்தபோது கையெல்லாம் சிவப்புப் பசை. “மாமி, ஒரு பேப்பர் இருந்தா குடுங்களேன், தொடைக்க.”

வேம்பு ரவிக்கையிலிருந்து மடித்த தாளை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதைப் பிரிக்காமலேயே கசக்கி, விரல் விரலாகத் துடைத்து, மூலையில் எறிந்தான்.

மாடியில் வால்வைத் திறந்துவிட்டு வந்தார்கள். சுவருக்குள் ஏதோ பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம் இறங்கி வந்தது. சமையலறையில் சந்திரிகா செம்புக் குடத்தைப் பிடித்தாள். தண்ணீர் முழு வீச்சில் விழுந்து, குடத்தில் மோதி, அவள் மடிப் புடவையை நனைத்தது. சந்திரிகா சின்னப் பெண் மாதிரி கூவினாள். “ஏன்னா, வந்து பாருங்கோளேன்! எப்படிக் கொட்டறது!” சுந்தரராமன் போய்ப் பார்த்தார். தலையை ஆட்டினார். பின்கட்டில் இரும்புத் தொப்பி போட்ட குழாய் அந்த அழுத்தத்தில் ஒருமுறை டொக்கென்று அதிர்ந்து அடங்கியது. அதை வேம்பு மட்டும்தான் கேட்டாள்.

சந்திரிகா குங்குமச் சிமிழோடு திரும்பி வந்தாள். புதிதாக எது வந்தாலும் அந்த வீட்டில் பொட்டு வைப்பது வழக்கம். கிரைண்டருக்கு வைத்தார்கள், ஏசிக்கு வைத்தார்கள். எப்போதும் சந்திரிகாதான் வைப்பாள், சுமங்கலி கை. கல்யாணம் ஆகாதவளிடம் அந்தச் சிமிழ் வந்ததே இல்லை. அன்று தண்ணீர் கொட்டிய சந்தோஷத்தில் அவளுக்கு மனம் இளகியிருந்தது.

“நீயே வை வேம்பு. நீதானே பாத்துப் பாத்துப் பண்ணினே. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி உன் கையால நடக்கட்டும்.”

வேம்பு சிமிழை வாங்கிக்கொண்டாள். பெருமாளுக்கு முதுகைக் காட்டாமல் ஒதுங்கி, வலிக்கிற முழங்காலை மெல்ல மடித்து, சுவரோரம் உட்கார்ந்தாள். செம்பும் இரும்பும் சேரும் இடத்தில் பசை பிதுங்கி ஒரு மோதிரம்போல நின்றது. இன்னும் காயவில்லை. குங்குமத்தில் மோதிர விரலைத் தோய்த்து அதன்மேல் அழுத்தினாள். பக்கத்தில் இரண்டாவது பொட்டு. மூன்றாவது பொட்டை வைத்த விரலை உடனே எடுக்கவில்லை. உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. விரல் நுனி வழியாக அந்தக் குளிர்ச்சி மெதுவாக அவள் கைக்குள் ஏறியது.